ஸ்பைன் பார்த்துக் கட்ட ஆயிரம் ரூபாயா?

கீழக்கரை, ஏர்வாடி பக்கம் பையன்கள் கையில் மீன் பிடிக்கிற கார்பன் ராடு வந்ததிலிருந்து எனக்கு இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "காக்கா, ஸ்பைன் பாத்துக் கட்டுன ராடுன்னு ஆயிரம் ரூவா கூடச் சொல்றாங்க, குடுக்கலாமா?" காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்; ஸ்பைன் என்பது ராடு வளைய அடம்பிடிக்கிற பக்கம். நான் துபாயில் கோல்ஃப் மட்டை பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்ப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். அங்கேயும் இதே கேள்வி, இதே கூடுதல் காசு. கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

தூண்டில் ராடும் கோல்ஃப் மட்டையின் தண்டான ஷாஃப்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். கோல்ஃபுக்குக் கிராஃபைட், அதாவது கார்பன், ஷாஃப்ட் செய்தவர் ஃபிராங்க் தாமஸ், 1969-இல். அப்போது அவர் வேலை பார்த்தது ஷேக்ஸ்பியர் கம்பெனியில். நாடகக்காரர் இல்லை, தூண்டில் சாமானுக்குப் பேர் போன அமெரிக்கக் கம்பெனி.

பிசின் ஊறிய கார்பன் தாளை வெட்டி, நுனி சிறுத்த இரும்புக் கம்பியில் சுற்றுவார்கள். மேலே டேப்பை இறுக்கிச் சுற்றி, சூளையில் வேகவைத்து, கம்பியை உருவிவிட்டு, வெளிப்பக்கத்தை அரைத்து வழவழப்பாக்குவார்கள். பாயைச் சுருட்டினால் ஓரம் முடிகிற இடம் மட்டும் திண்டாக நிற்குமே, அப்படித்தான் இங்கேயும். தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற பக்கம் வளைய அடம்பிடிக்கும். அரைப்பதில் கோணல் இருந்தால் இன்னும் மோசம். ஸ்பைன் என்பது இவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்கிறேன் என்று கடைக்காரர் அடிப்பக்கத்தை பேரிங்கில் செருகி, நுனியை அழுத்திக் காட்டுவார். ஷாஃப்ட் தானாக உருண்டு ஓர் இடத்தில் நிற்கும், அங்கே மார்க்கரால் கோடு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லேசாகக் கோணிய ஷாஃப்டும் அப்படியே உருண்டு நிற்கும். அவர் கோடு போட்டது கோணலுக்கா ஸ்பைனுக்கா என்று அவருக்கே தெரியாது.

பட்டறையில் அடிப்பக்கத்தை வைஸில் இறுக்கி, நுனியில் மட்டைத் தலையளவு எடை மாட்டி, ஒரு சுண்டு சுண்டுவோம். நுனி ஒரே கோட்டில் போய் வந்தால் சரி. முட்டை வடிவில் சுழன்றால் கொஞ்சம் திருப்பி மறுபடி சுண்ட வேண்டும். நல்ல ஷாஃப்டை எப்படித் திருப்பினாலும் கிட்டத்தட்ட நேர்கோடுதான். நிமிடத்துக்கு 250 தடவை ஆடுகிற ஷாஃப்ட், கால் சுற்றுத் திருப்பினதும் 251 காட்டினால் அதில் ஸ்பைன் தேட என்ன இருக்கிறது? 260 காட்டினால் கோடு போட்டு மாட்டாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

கோல்ஃப் விதிகளை வகுக்கிற ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகளின் விதியும் எந்தப் பக்கம் வளைத்தாலும் ஷாஃப்ட் ஒரே அளவு வளைய வேண்டும் என்றுதான் சொல்கிறது. இருக்கிற குறை தெரியாமல் சீராக்க ஸ்பைனைத் திருப்பி வைக்கலாம், பந்தின் போக்கை மாற்ற வைக்கக் கூடாது. ஆக, "ஸ்பைன் வைத்தால் பந்து வலப்பக்கம் ஓடாது" என்று விற்கிறவர் சொல்வது பொய்யானால் காசு போச்சு, உண்மையானால் மட்டையே விதிக்குப் புறம்பு. இன்னொரு வேடிக்கை: தூரம் அடிக்கிற டிரைவர் மட்டைகள் பலவற்றில் இப்போது, கோணம் மாற்ற, தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்து உறையான ஸ்லீவைத் திருப்பினால் ஷாஃப்டும் சேர்ந்து திரும்பும். காசு கொடுத்து வைத்த கோடு அதோடு காலி.

அயர்ன் என்கிற உலோகத் தலை மட்டைகளின் செட்டில்தான் உண்மையான தலைவலி. ஒன்றின் ஷாஃப்ட் உடைந்து, அதே பெயரில் புதுசு வாங்கிப் போட்டால் எடையும் நிமிடத்துக்கு ஆடும் கணக்கும் மற்றவற்றோடு ஒட்டாது. அந்த ஒரு மட்டையில் மட்டும் அடி பிசகும். செட் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று எடைபோட்டு, ஆட்டம் எண்ணிக் கொடுக்கிறவருக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

சரி, நம்ம கரைக்கு வருவோம். ராடுக்கு மேலே உட்காரும் மல்டிப்ளையர் ரீல் போட்டவர்கள், பாரை மீன் இழுக்கும்போது ராடு கையில் புரளுகிறது, ஸ்பைன் சரியில்லை என்கிறார்கள். தூண்டில் நரம்பு ஓடுகிற வளையம் மேலே இருந்தால் மீனின் இழுப்பில் நரம்பு கீழே வரப் பார்க்கும், ராடு புரளத்தான் செய்யும். ஸ்பைன் எந்தப் பக்கம் இருந்தாலும் அதே கதை. ஸ்பின்னிங் ரீலில் வளையம் கீழே தொங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனி வரை பார்த்து, நேராகத் தெரிகிற பக்கம் வளையம் கட்டச் சொல்லுங்கள், போதும்.

அந்த ஆயிரத்தை வளையத்தில் போடுங்கள். கச்சான் காற்றடிக்கிற மாதத்தில் வலிநோக்கம் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், மலிவு வளையம் எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று.