"நாடகம்" என்று எழுதியவர்களுக்கு

அந்தச் செய்தியை நான் மீண்டும் எழுதப் போவதில்லை. மூன்று நாட்களாகத் தருமபுரிக் குழுக்கள் அனைத்திலும் அதுதான் ஓடுகிறது. சிறையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்பது ஆறுதல். ஆனால் "ஜாமீனுக்காகப் போடும் நாடகம்" என்று நம்மவர் ஒருவர் எழுதியதையும், தெரிந்த முகங்கள் பல அதற்கு விருப்பக்குறி இட்டிருப்பதையும் பார்த்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை.

அது நாடகம் அன்று.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். புளி தட்டும் வேலை. விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். என்ன வழக்கு என்று எழுத மாட்டேன், பின்னர் விடுதலையாகிவிட்டார். பதினான்கு மாதங்கள் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தபோது அவரை மனு போட்டுப் பார்க்கப் போனவர் என் அம்மா ஒருவர்தான். தொப்பூர் கணவாய் தாண்டி, இரண்டு பேருந்து மாறி, ரொட்டியும் ஒரு சோப்பும் வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை நானும் போனேன். கம்பிவலைக்கு இரு பக்கமும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்த இரைச்சலில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "பாப்பா பெரியவளாயிட்டாளா?" தன் மகள் பூப்பெய்தியதை மூன்றாம் வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் ஒரு தாய் நின்றார். முந்தானைக்குள் மறைத்திருந்த இடது கையில் கட்டுப் போட்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். "வெளியே சொல்லிடாதீங்க அத்தை, இன்னொரு கேஸ் போட்டுருவாங்க" என்றார் அக்கா. நாடகம் போடுபவர் கட்டை மறைப்பாரா?

அவர் பயந்ததிலும் காரணம் இருந்தது. அப்போது தற்கொலை முயற்சி இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்கீழ் குற்றம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 115ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலையில் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. ஆனால் அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயன்றால், அதைக் குற்றமாக்கும் 226ஆம் பிரிவு இருக்கிறது. நீங்கள் எளிதாகத் தட்டிவிட்ட "நாடகம்" என்ற சொல், அவளை அந்தப் பிரிவுக்குள் தள்ளும் சொல் என்பதை அறிவீர்களா?

"அவளால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று கேட்பீர்கள். எழுதலாம். அதற்காக இவள் சாக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. அவள் இன்னும் தண்டனை பெற்றவளும் அல்லள்.

சிறை ஊழியர்கள் ஒவ்வொருவரையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் நேர்ந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலைகள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழு கூறியது. உள்ளே வந்த முதல் நாட்களும், வாய்தாவையும் தீர்ப்பையும் ஒட்டிய நாட்களும் ஆபத்தானவை என்பது சிறைத் துறையினர் அறிந்ததே. கயிற்றையும் துப்பட்டாவையும் பிடுங்கிக்கொள்வதோடு காப்பு முடிந்துவிடாது. உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் வீட்டிலிருந்தும் வர வேண்டும். இதைச் சொல்லும்போது என்னால் நிதானமாக இருக்க முடியவில்லை. கணவன் உள்ளே போனால் மனைவி தாலியை அடகு வைத்தாவது வக்கீல் பிடிக்கிறாள், வாரம் தவறாமல் மனு பார்க்கிறாள். மனைவி உள்ளே போனால் பிள்ளைகளிடம் "உங்கம்மா செத்துட்டா" என்கிறோம். அக்காவின் மாமியார் வீட்டார் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இந்தியச் சிறைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர்தான் பெண்கள். அவர்களையும் போய்ப் பார்க்க நமக்குக் கால் வரவில்லை. காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதையாவது அவர்களிடம் யார் போய்ச் சொல்கிறோம்?

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் மனம் தாங்காமல் இருந்தால் 104 அல்லது 14416 எண்ணில் பேசுங்கள்.

அந்த வரியை முதலில் எழுதியவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டவர். அண்ணா, உங்களை நான் நீக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு மகள் இருக்கிறாளாம், பத்தாவது படிக்கிறாளாம். அவள் கையிலும் கைப்பேசி இருக்கும். இன்று இரவுக்குள் அதை அழித்துவிடுங்கள்.