மேங்கோவில் ஒளிந்திருக்கும் காய்

முதலமடை மாந்தோட்டங்களில் காய்ப்பு தொடங்கினால் போதும், ஆங்கிலத்து மேங்கோ தமிழ்ச் சொல்லா மலையாளச் சொல்லா என்ற சண்டையும் முகநூலில் தொடங்கிவிடும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று இந்தப் பாலக்காட்டு எல்லையில் வளர்ந்த எனக்கு அதைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

அகராதிகளே ஒரே பதிலைச் சொல்வதில்லை. மலபார் கரையில் போர்த்துகீசியர் மலையாளத்து மாங்ங என்ற சொல்லைக் கேட்டு மங்கா ஆக்கிக்கொண்டார்கள், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குப் போனது என்று சில சொல்கின்றன. தமிழ் மாங்காய் மலாய் மொழிக்குப் போய் அங்கிருந்து போர்த்துகீசியருக்குக் கிடைத்தது என்கின்றன வேறு சில. எந்த வழியில் போனாலும் சரி, அடியில் இருப்பது மா, காய் என்ற இரண்டு சொற்கள்தான். தேங்காய் தேங்ங ஆன மாதிரி மாங்காய் மாங்ங ஆனது, அவ்வளவுதான். இதில் யாருக்கு என்ன பட்டா வேண்டும்?

எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் காய். நாம் மாங்காய் வேறு, மாம்பழம் வேறு என்று சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இங்கிலாந்துக்காரர்களோ கனிந்து சாறு வழிகிற பழத்தையும் காய் என்ற பெயரில்தான் இன்றுவரை கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பழம் எப்படிப் போய்ச் சேரும்? மாதக்கணக்கில் கப்பல் பயணம், வழியிலேயே அழுகிவிடும். உப்பிலும் காடியிலும் ஊறிய மாங்காய்தான் போய்ச் சேர்ந்தது. அதனால் அங்கே மேங்கோ என்றாலே ஊறுகாய் என்று ஆகிவிட்டது! 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் வெள்ளரிக்காயில் மேங்கோ, முலாம்பழத்தில் மேங்கோ என்றெல்லாம் செய்முறை இருக்கிறது, உள்ளே மசாலா அடைத்து காடியில் ஊறப்போடுவது. மேங்கோ என்பதை ஊறுகாய் போடுதல் என்ற வினைச்சொல்லாகவே புழங்கினார்கள். அப்புறம் அது அமெரிக்காவுக்குப் போய், அடைத்து ஊறப்போட்ட குடைமிளகாய்க்குப் பெயராகி, கடைசியில் ஊறுகாயும் போய் வெறும் பச்சைக் குடைமிளகாய்க்கே ஒட்டிக்கொண்டது. ஒஹையோ, இந்தியானா பக்கத்துப் பெரியவர்கள் அண்மைக்காலம் வரை குடைமிளகாயை மேங்கோ என்றுதான் சொன்னார்கள்.

வடுமாங்காய் ஜாடியும், அதையே மலையாளத்தில் சொல்லும் கண்ணிமாங்ங பரணியும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற ஊர் எங்களுடையது. அதைப் போட்ட கைகள் எந்த மொழி பேசின என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளுக்கு ‘எங்களிடமிருந்து திருடிய சொல்’ என்று சொல்லிக் கொடுக்காமல் இந்தக் குடைமிளகாய்க் கதையைச் சொல்லுங்கள், அவர்களே அகராதியைத் தேடி எடுப்பார்கள்.