கணக்கை எண்ணினால் போதுமா?

நேற்று முன்தினம் முதியோர் உதவித்தொகை எடுக்கப் பெரியம்மாவை அழைத்துப் போனேன். 1,200 ரூபாய். எங்கள் ஊரில் வங்கிக் கிளை கிடையாது. மளிகைக் கடைத் திண்ணையில் மேசை போட்டு, வங்கி முகவர் ஒருவர் கைரேகை வாங்கிக்கொண்டு பணம் தருகிறார்.

பெரியம்மா முப்பது வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு, விரல்நுனித் தோல் வெந்து உரிந்து, ரேகை என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை. கட்டைவிரலை வைத்தார், பொருந்தவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பத்து விரலும் பார்த்தாயிற்று. "நாளைக்கு வந்து பாருங்கள் அம்மா" என்றார் முகவர். அவரும் பாவம், என்ன செய்வார்? வீடு வரும்வரை பெரியம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. எனக்கு மனது ஆறவில்லை.

அரசின் புள்ளிவிவரத்தில் என் பெரியம்மா வங்கிச் சேவை கிடைத்துவிட்டவர்.

எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்று 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் 2023-க்குள் 50 கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டன. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். தன் பெயரில் ஒரு பாஸ்புக் இருப்பது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்த்தவன். ஆனால் எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் ஆட்கள் வேலை செய்வார்கள். பணமே இல்லாத கணக்குகள் அதிகம் என்று பேச்சு எழுந்தபோது, சில கிளைகளில் ஊழியர்களே ஒரு ரூபாய் போட்டு அந்த எண்ணிக்கையைக் குறைத்ததாக 2016-இல் செய்தி வந்ததே!

இந்த விஷயத்தில் உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வை நான் மதிக்கிறேன். அது வங்கியிடம் கேட்பதில்லை, மக்களிடம் கேட்கிறது. 2011-இல் இந்தியாவில் கணக்கு வைத்திருந்த பெரியவர்கள் 35 சதவீதம், 2021-இல் 78. ஆனால் அந்த 2021-இல் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டாக அதைத் தொடவே இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. வங்கிகள் தரும் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இதை யார் கண்டிருப்பார்கள்?

வங்கி போன்ற நிதிச் சேவைகள் மக்களை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று நூற்றுக்கு அளக்கும் ஒரு குறியீட்டை ரிசர்வ் வங்கியும் 2021 முதல் வெளியிடுகிறது. சேவை எட்டுகிறதா என்பதற்கு 35 சதவீத எடை, பயன்பாட்டுக்கு 45, தரத்துக்கு 20. 2017 மார்ச்சில் 43.4 ஆக இருந்த அது 2025 மார்ச்சில் 67 ஆகியிருக்கிறது. உழைத்துத்தான் உயர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் தரத்துக்கு வெறும் 20 என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கும் இருந்து, பக்கத்திலேயே முகவரும் இருந்து, பணம் மட்டும் கைக்கு வராத ஒருவருக்கு எல்லாமே அந்த இருபதுக்குள்தான் இருக்கிறது.

எங்களுக்கு அதிகத் தொலைவில்லாத புதுச்சேரி மங்கலம் கிராமத்தில்தான் இந்தியன் வங்கி 2005 இறுதியில் வீட்டுக்கு வீடு கணக்குத் தொடங்கும் வேலையைக் கையில் எடுத்தது. வீட்டுக்கு ஒரு கணக்கு என்பது அன்றைக்குச் சரியான அளவுகோல். இருபது வருடம் கழித்தும் அதையே பிடித்துக்கொண்டிருக்கலாமா?

நான் கேட்பது பெரிதில்லை. கைரேகை பொருந்தாமல் போகும் ஒவ்வொரு முயற்சியும் ஏதோ ஒரு கணினியில் பதிவாகத்தான் செய்கிறது. அதை ஊர்வாரியாக எண்ணி வெளியிடுங்கள். தன் பணத்தை எடுக்க ஒருவர் எத்தனை முறை நடக்கிறார், எத்தனை நாள் கூலியை விடுகிறார் என்று கேளுங்கள்.

நேற்று பஸ் பிடித்துக் கிளைக்கே போனோம். பெரியம்மாவுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும்தான். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, படிவத்தில் அதே கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். பணம் கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை நடை நடக்கிறார்கள்? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.