முழங்கால் அளவு ரத்தமும் நாற்பது வினாடிக் காணொளியும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளித் துண்டு உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிளம்பிய சிலுவைப் போர்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஊரைச் சுற்றுவது நாற்பது வினாடி. "ஜெருசலேமில் முழங்கால் அளவு ரத்தம் ஓடவில்லை" என்கிறேன், அத்துடன் வெட்டிவிட்டார்கள். மேலே தலைப்பு: 'சிலுவைப் போர்ப் படுகொலையை மறுக்கும் பேராசிரியர்'. நான் பேராசிரியர்கூட இல்லை. பதவி உயர்வுக்கு நன்றி.

வெட்டிய அடுத்த வாக்கியம் இதுதான்: படுகொலை நடந்தது. 1099 ஜூலை 15 அன்று நகருக்குள் புகுந்த சிலுவைப் படையினர் முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தார்கள். நடந்தது, நடந்தது, நடந்தது. போதுமா?

அந்த முழங்கால் கணக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டேன். துலூஸ் பிரபுவின் படையோடு வந்த ரேமோன் என்ற குருவானவர், முழங்கால் வரை, குதிரைகளின் கடிவாளம் வரை ரத்தம் என்று எழுதிவைத்தார். பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 14:20இல் அதே கடிவாளம் இருக்கிறது. அவர் அளவெடுக்கவில்லை, வேதவாக்கு பலித்தது என்று பூரிக்கிறார். கொன்றவர் தரப்பின் பூரிப்பை அளவுகோலாக்காதீர்கள் என்றால், நான் கொன்றவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேனாம்!

எண்ணிக்கையும் அப்படித்தான். நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய அரபு வரலாற்றாசிரியர் இபுன் அல்-அதீர், ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலில் கொல்லப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல் என்கிறார். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த செவில் நகரத்து இபுன் அல்-அரபி (அதே பெயர்கொண்ட சூஃபி ஞானி அல்லர், இவர் வேறு) 3,000 என்கிறார். கெய்ரோ கெனிசாவில், அதாவது யூதத் தொழுகைக்கூடத்தின் பழைய தாள்கள் போட்டுவைத்த அறையில், கிடைத்த யூதக் கடிதங்களில், சிறைப்பட்டவர்களையும் நூல்களையும் பணம் கொடுத்து மீட்கப் பட்ட பாடு இருக்கிறது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்றால் யாரை மீட்டார்கள்? சரி, 3,000 என்றால் பாவம் குறைந்துவிடுமா? நான் அப்படிச் சொன்னேனா?

1977 திருச்சி வெள்ளத்தைப் பெரியப்பா சொன்னால் தண்ணீர் கழுத்தளவு. அத்தை சொன்னால் இடுப்பளவு. வீட்டுச் சுவரில் கிடந்த கறை என் முழங்காலுக்குச் சற்று மேலே. கறையைக் காட்டியதற்காக, வெள்ளமே வரவில்லை என்று நான் சொன்னதாகப் பெரியப்பா ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. எட்டாம் வகுப்பு படித்தவர்.

கூட்டத்தில் சிலுவைப் போர் வரலாற்றாசிரியர் ரைலி-ஸ்மித்தையும் மேற்கோள் காட்டினேன். "ரைலி-ஸ்மித்தை இழுத்தாயே, அவர் கத்தோலிக்கர்" என்கிறார்கள். ஆமாம், கத்தோலிக்கர்தான். மடங்களின் பழைய சாசனங்களைப் புரட்டி, நிலத்தை விற்றும் அடகு வைத்தும் படைக்குக் கிளம்பியவர்களைக் காட்டினார். படைக்குப் போனவர்கள் யார் என்ற கேள்விக்கு, 'நிலப்பசி பிடித்த இளைய மகன்கள்' என்று பி.ஏ. தேர்வில் நான் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை அத்துடன் ஆட்டங்கண்டது. பக்தியோடு போனார்கள் என்பது பாராட்டா? பக்தியோடு கொன்றார்கள் என்பது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பக்தியைப் பேசிக் கொள்ளையை மறக்கிறோம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதில் நியாயம் உண்டு. 1204இல் கான்ஸ்டான்டினோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) சக கிறிஸ்தவர்களையே சூறையாடினார்களே. அதைப் பிறகு எழுதுகிறேன். இன்று மனம் சரியில்லை.

முகம் தெரியாதவர்கள் திட்டியது போகட்டும். இருபது ஆண்டு நண்பர் ஒருவர் அந்தத் துண்டுக்கு இதயக்குறி போட்டிருக்கிறார். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். ரன்சிமன் எழுதிய சிலுவைப் போர் வரலாற்றின் முதல் தொகுதியை நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இரவல் வாங்கிப் போனவர் அவர். ஜெருசலேம் வீழ்ச்சி அதில்தான் இருக்கிறது, ஓரங்களில் நான் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு. கூரியரில் அனுப்பினால் போதும், நேரில் வர வேண்டாம்.