அந்த அல்பத்தில் இருப்பது பேய் மந்திரம் அல்ல

யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிளாக் மெற்றல் (அலறிப் பாடும் கடும் ரொக் இசை வகை) பாட்டு அல்பத்தின் படம் சுற்றுகிறது. பாடல் வரிகள் 'நெக்ரோனோமிக்கன்' என்ற பழைய அரபு மந்திர நூலில் இருந்து எடுத்தவையாம், கேட்கும் பிள்ளைகளைப் பேய் பிடிக்குமாம். இது பொய்.

அப்படி ஒரு பழைய நூலே இல்லை. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்ட் (1890–1937) தன் திகில் கதைகளுக்காகக் கற்பனை செய்தது அது. கேட்டவர்களுக்கு அவரே கடிதத்தில் அப்படித்தான் சொன்னார். அச்சான அவரது கடிதத் தொகுப்புகளில் பார்க்கலாம். படத்தில் சிவப்பு வட்டமிட்ட, 'கத்துலு' என்ற அவரது கற்பனை அரக்கனைப் பற்றிய வரியும் 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்த அவரது கதையில் உள்ளதுதான்.

அலறல் குரல் அந்த இசையின் பாணி, அவ்வளவுதான். ஹெட்போனில் பாட்டுக் கேட்ட பெடியனுக்கு நூல் கட்ட அம்மாமார் ஓடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.