ஓரம் தாண்டும் குறிகள் 1999-இல் பிறந்தவை அல்ல

வரி முடிவில் வரும் நிறுத்தற்குறிகளைப் பத்தியின் ஓரத்துக்குச் சற்று வெளியே தள்ளி வைக்கும் முறை, 1999-இல் வந்த இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளோடுதான் பிறந்தது என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்டிசைன் அதைக் கணினியில் எளிதாக்கியது, சரி. ஆனால் முறை மிகப் பழையது. 1455 வாக்கில் கூட்டன்பர்க் அச்சிட்ட, பக்கத்தின் ஒரு பத்திக்கு 42 வரி என்பதால் ‘42 வரி பைபிள்’ எனப்படும் நூலிலேயே இருக்கிறது. அதுவும் ஈய அச்சில்! சொல் உடையும் இடத்தில் இரட்டைச் சாய்கோடாக ஓர் இணைப்புக்குறி வரும்; அது பத்தியின் வலது ஓரத்தைத் தாண்டி நிற்கும்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக நூலகம் தன் பிரதியை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி, எழுத்துகள் முடியும் இடத்தில் திரைமேல் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். எழுத்தெல்லாம் உள்ளே, அந்தச் சின்னக் கோடுகள் மட்டும் வெளியே.