களியக்காவிளையில் தீப்பிடித்தால் யார் வரவேண்டும்?

தீயணைப்பில் மத்திய அரசும் கைகொடுக்க வேண்டும் என்று நான் சொன்னால், அது மாநில அரசின் வேலை, அதில் டெல்லிக்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். சட்டப்படி அது சரிதான். அரசியல் சாசனத்தின் 12வது அட்டவணையில், நகராட்சிகள் பார்க்கவேண்டிய வேலைகளில் ஒன்றாகத்தான் தீயணைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் மாநிலத் துறையே அதை நேரடியாக நடத்துகிறது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்த்தால், மாநிலம் தனியாகச் செய்து முடிக்க முடியாத இரண்டு காரியங்கள் கண்ணில் படும். ஒன்று பணம், இன்னொன்று கேரள எல்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 15வது நிதிக்குழு பரிந்துரைத்தபடி, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை உள்துறை அமைச்சகம் 2023 ஜூலையில் தொடங்கியது. நம்மைப் போன்ற மாநிலங்கள் தம் பங்காக 25 சதவீதம் போடவேண்டும். சட்டத்தையும் கட்டமைப்பையும் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக 500 கோடியைத் தனியே ஒதுக்கினார்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் 2025-26 வரை என்று காலம் வைத்துப் போட்ட திட்டம் அது. வண்டி வாங்க ஒருமுறை பணம் கிடைத்தால் போதும். டீசல் போட, பம்பைப் பழுதுபார்க்க, ஆள் வைக்க வருஷா வருஷம் பணம் வேண்டுமே.

எந்த வண்டி வாங்குவது என்பதும் டெல்லியிலோ சென்னையிலோ இருந்து முடிவு செய்கிற விஷயமாக இருக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,670 சதுர கிலோமீட்டருக்குள் 18.7 லட்சம் பேர் வாழ்கிற மாவட்டம் இது. அதில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு, நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று அளவு வைத்திருக்கிறது. முழு மாவட்டத்தையும் கிராமம் என்றே வைத்துக்கொண்டாலும் முப்பதுக்கு மேல் வேண்டும். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், குழித்துறை, குலசேகரம் என்று இருக்கிற நிலையங்களை எண்ணிப் பாருங்கள், எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று தெரியும்.

குலசேகரம் பக்கம் உறவுக்காரர் ஒருவர் வீட்டில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறை எரிந்தபோது நான் அங்கே இருந்தேன். ரப்பர் உருகி ஒழுகிக்கொண்டே எரியும். அந்தக் கறுத்த புகையில் நின்று மூச்சுவிட முடியாது. வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் கையாலை என்கிற தோட்டத்துச் சுவர், நடுவில் ஒரு ஜீப் போகிற அளவுக்குத்தான் வழி. "அண்ணே, வண்டி இதுக்கு மேல ஏறாது, ஹோஸ இழுத்துட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு, சுருள் சுருளாகத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடினார்கள். சாதாரணமாக ஒரு வண்டி கொள்வது 4,500 லிட்டர்தான். அது தீர்ந்ததும் கீழே இருந்த குளத்தில் உறிஞ்சு குழாயை இறக்கினால், ஆகாயத்தாமரை வேர் போய் அடைத்துக்கொண்டது. ஒரு வீரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேரைக் கையால் வாரி வாரி எறிந்துகொண்டே நின்றார். பக்கத்து வீட்டு மைனி மண் சுமக்கிற மூங்கில் கூடையைக் கொண்டுவந்து, குழாய் முனையை இதுக்குள்ள வையுங்க என்றார். அதன்பிறகுதான் தண்ணீர் ஒழுங்காக ஏறியது. அந்த வீரர்களிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர்களுக்கு வேண்டியது, நம் வழிகளில் நுழைகிற சிறிய வண்டியும் தூர்வாரிய குளமும்.

சரி, எல்லைக்கு வருகிறேன். எல்லையோர ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நம் குழித்துறை நிலையம், அந்தப் பக்கம் கேரளத்தின் நெய்யாற்றின்கரை நிலையம். களியக்காவிளை, பனச்சமூடு, ஊரம்பு பக்கத்தில் மொபைல் பல நேரம் கேரள டவரைப் பிடித்துவிடும். அப்போது 101 அல்லது 112 அடித்தால், எடுப்பவர் எந்த மாநிலத்துக்காரர் என்பதே அடிப்பவருக்குத் தெரியாது. ஊர்ப் பெயரைச் சொல்லி, மாவட்டத்தைச் சொல்லி, அவர் இந்தப் பக்கத்துக்குத் தகவல் கொடுத்து என்று போனால், ஓலைக்கூரைக்கு அவ்வளவு நேரம் தாங்காது.

இங்கேதான் மத்திய அரசு வேண்டும் என்கிறேன். 112 நாடு முழுவதற்குமான எண். மாதிரித் தீயணைப்பு மசோதா ஒன்றை 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது உள்துறை அமைச்சகம். நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் எல்லா மாநில அதிகாரிகளும் பயிற்சி எடுக்கிறார்கள். ஹோஸ் இணைப்புக்குக்கூட இந்தியத் தரநிலை இருக்கிறது, ஆகவே குழித்துறை வண்டியின் குழாயும் நெய்யாற்றின்கரை வண்டியின் குழாயும் ஒன்றோடொன்று பொருந்தும். அழைப்பும் அதே மாதிரிப் பொருந்தவேண்டும். எல்லையோர ஊர்களின் பட்டியல் இரண்டு கட்டுப்பாட்டு அறைகளிலும் இருக்கட்டும். எந்த நிலையம் பக்கமோ அதன் அலுவலர், மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் வண்டியை எடுக்கட்டும். டீசல் கணக்கை மாநிலங்கள் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஊக்கத்தொகையை, பக்கத்து மாநிலத்தோடு இப்படி எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்கிற மாநிலங்களுக்குக் கொடுங்கள்.

ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ரப்பரும் தென்னையும் ரோட்டில் விழுந்து கிடக்க, மரம் அறுக்கும் மெஷினோடு உள்ளூர் தீயணைப்பு ஆட்களும் ஊர் இளைஞர்களும்தான் முதலில் வழி திறந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தளம் இருப்பது அரக்கோணத்தில், இங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தினால் ஒழிய, அவர்கள் வந்து சேரும்வரை நமக்கு இந்த நிலையங்கள்தான்.

இந்தப் பதிவைக் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இரண்டு தொகுதி எம்.பி.க்களுக்கும் கடிதமாக அனுப்பப் போகிறேன். பருவமழைக்கு முன்னால் இரு மாவட்ட ஆட்சியர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசவேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். எல்லையோர ஊர்க்காரர்களே, நீங்கள் 101 அடித்து அது வேறு மாநிலத்துக்குப் போயிருந்தால், ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.